மனுவுக்கு ஒரு நடை, கடப்புறத்துக்கு ஒரு நடை

கருங்கல்லில் நான் டி.டி.பி. கடை நடத்துகிறேன். கலெக்டர் ஆபீஸ் மனு, கல்யாண அழைப்பிதழ், அடக்க அறிவிப்பு, கோவில் கொடை நோட்டீஸ், சர்ச் திருவிழா நோட்டீஸ், தகவல் உரிமை விண்ணப்பம், துபாயில் இருக்கிற தம்பிக்கு அனுப்ப வேண்டிய வீட்டுக் கணக்கு, எல்லாம் ஒரே மேசைக்கு வரும். ஒரு பக்கம் இறங்கினால் மிடாலம், இனயம் கடப்புறம், அதாவது கடற்கரை. இன்னொரு பக்கம் ஏறினால் மார்த்தாண்டம் தாண்டி அருமனை, குலசேகரம் ரப்பர்த் தோட்டங்கள். வருகிறவர்கள் பெரும்பாலும் சொல்வது, "நல்ல தமிழ்ல எழுதித் தாங்க அக்கா." நான் உடனே கீபோர்டில் கை வைப்பதில்லை. "இத யாரு வாசிக்கப் போறா? வாசிச்ச உடனே அவிய என்ன செய்யணும்?" என்று கேட்பேன். இந்த இரண்டுக்கும் பதில் வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. பதில் வராவிட்டால் எவ்வளவு அழகாக எழுதிக் கொடுத்தாலும் அந்தத் தாளால் பிரயோசனமில்லை.

வாசிப்பவருக்கு ஏற்ப எழுதுவது என்றால் கடினமான சொல்லை எடுத்துவிட்டு எளிய சொல்லைப் போடுவது என்று பலரும் நினைக்கிறார்கள். சொல்லை மாற்றுவது கடைசியில் வருகிற வேலை. எதை முதலில் சொல்வது, எதை விடுவது, எந்த அளவில் சொல்வது, எப்படி மரியாதை கொடுப்பது, இவற்றையெல்லாம் அதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். என் மேசைக்கு வருகிற தாள்களை வைத்தே இதைச் சொல்கிறேன்.

தாள் யார் கைக்குப் போகிறது?

திங்கட்கிழமை நாகர்கோவில் கலெக்டர் ஆபீசில் மக்கள் குறைதீர்க்கும் நாள். மனு எழுத வருகிறவர் மனதில் கலெக்டரின் முகம்தான் இருக்கும். அவரிடம் நேரில் சொல்வது போலவே, கல்யாணம் ஆன வருஷத்திலிருந்து தொடங்குவார். மனு போகிற வழியைக் கொஞ்சம் பாருங்கள். கலெக்டர் கையில் அது இருப்பது சிறிது நேரம். பிறகு எண் போட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றுவார்கள். எந்தத் துறைக்குரியதோ அங்கே அனுப்புவார்கள். அங்கே பிரிவு எழுத்தர் ஒருவர் வாசிப்பார். கடைசியில் வில்லேஜ் ஆபீசரோ வருவாய் ஆய்வாளரோ உங்கள் தெருவுக்கு விசாரிக்க வரும்போது அவர் கையிலும் இதே மனுதான் இருக்கும். இத்தனை பேருக்கும் சேர்த்துத்தான் நீங்கள் எழுதுகிறீர்கள். பக்கத்தில் நின்று விளக்கிச் சொல்ல அங்கே நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

அதனால் மனுவில் நான் அதிக நேரம் செலவழிப்பது 'பொருள்' என்று வருகிற அந்த ஒரு வரியில்தான். 'பட்டா சம்பந்தமாக' என்று எழுதினால் எழுத்தர் முழு மனுவையும் வாசித்துத்தான் எந்த மேசைக்கு அனுப்புவது என்று கண்டுபிடிக்க வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்:

பொருள்: விளவங்கோடு வட்டம், (கிராமம்), சர்வே எண் (…), 7 செண்ட் நிலம் – இறந்துபோன தந்தை பெயரிலிருந்து வாரிசுகள் மூவர் பெயருக்குப் பட்டா மாறுதல் கோருதல்.

வட்டம், கிராமம், எண், அளவு, என்ன வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரு வரியிலேயே வந்துவிட்டது. இதற்குக் கீழே முதல் பத்தியில் கோரிக்கையைத் திரும்பவும் முழு வாக்கியமாகச் சொல்லுங்கள். இரண்டாம் பத்தியில் நடந்ததைத் தேதி வரிசையில் எழுதுங்கள். மூன்றாவதாக இணைப்புகள். கஷ்டத்தையும் எழுதலாம், அதை வெட்டி எறியச் சொல்பவள் இல்லை நான். அது இரண்டாம் பத்தியின் கடைசியில் இரண்டு வரியாக வரட்டும். அதற்குள் அதிகாரிக்கு விஷயம் பிடிபட்டிருக்கும், கஷ்டமும் மனதில் தைக்கும்.

யார் கைக்குப் போகிறது என்று கேட்கும்போதே, அவருக்கு அதை யார் வாசித்துக் காட்டுவார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். கடப்புறத்திலும் தோட்டப் பக்கத்திலும் வயதானவர்கள் பலருக்குப் பேரப்பிள்ளைதான் வாசித்துக் காட்டும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை மூச்சு விடாமல் வாசிக்கும்போது, நான்கு வரிக்கு நீண்டு கடைசியில் வினைமுற்று வருகிற வாக்கியத்தைக் கேட்டுப் புரிந்துகொள்வது கஷ்டம். கேட்பவருக்காக எழுதும்போது ஒரு வாக்கியத்தில் ஒரு வினை போதும்.

எங்கே நின்று வாசிப்பார்கள் என்பதும் முக்கியம். ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் விடியும் முன்பே தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். பால் அளக்கிற ஷெட்டில் ஒட்டுகிற அறிவிப்பை அவர்கள் கையில் வாளியோடு நின்றுகொண்டுதான் வாசிக்க வேண்டும். அங்கே முதல் வரியில் கிழமையும் நேரமும், இரண்டாவது வரியில் என்ன, மூன்றாவது வரியில் எங்கே. எழுத்து பெரிதாக இருக்கட்டும். 'அனைத்துத் தொழிலாளத் தோழர்களுக்கும் அன்பான வணக்கம்' என்ற வரியை அங்கே எடுத்துவிட்டால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

ஒரே கடல், நான்கு தாள்

முறை என்று நான் சொல்வதை ஒரே விஷயத்தை வைத்துக் காட்டிவிடுகிறேன். ஆனி ஆடியில் மேற்குக் கடப்புறத்தில் கடல் ஏறுவது எல்லா வருஷமும் உள்ளது. ஒரு கடற்கரைத் தெருவில் தடுப்புச் சுவர் சரிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கீழே வருகிற மீட்டரும் வீட்டு எண்ணிக்கையும் மாதிரிக்குப் போட்டவை.

முதல் தாள் கலெக்டருக்கு.

"எங்கள் தெருவில் 38 வீடுகள் உள்ளன. தெருவின் கடல் பக்கம் உள்ள கருங்கல் தடுப்புச் சுவர் கடந்த ஜூலை மாதம் 60 மீட்டர் நீளத்துக்குச் சரிந்தது. சரிந்த இடத்திலிருந்து முதல் வீட்டு வாசல் 9 மீட்டர். வரும் ஜூன் மாதம் கடல் சீற்றம் தொடங்கும் முன் சுவரைச் சீரமைத்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். இணைப்பு: தேதியுடன் புகைப்படங்கள் 4, குடியிருப்போர் கையெழுத்து, முன்பு கொடுத்த மனுவின் ஒப்புகைச் சீட்டு நகல்."

எழுத வந்தவர்கள் சொல்லித் தருகிற வாசகத்தில் 'ராட்சத அலைகள்', 'வாய் பிளந்து நிற்கும் கடல்' எல்லாம் இருக்கும். அவர்கள் பட்ட பயம் நிஜம், அதனால்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஆனால் அந்தத் தாளை வைத்து மதிப்பீடு போடப் போகிற பொறியாளருக்கு நீளம் வேண்டும், தூரம் வேண்டும், மாதம் வேண்டும். '9 மீட்டர்' என்று வாசித்த உடனே அவருக்கும் அந்தப் பயம் வந்துவிடும். அதனால் இப்படிப்பட்ட மனு எழுத வருகிறவர்களை முதலில் டேப் எடுத்து அளந்துகொண்டு வரச் சொல்வேன். கோரிக்கை எது என்பதையும் ஊர் கூடி முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். சுவர் வேண்டுமா, அலையைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டுகிற தூண்டில் வளைவு வேண்டுமா, இரண்டுமா? மனு எந்தத் துறைக்குப் போகும் என்பது அதைப் பொறுத்தது.

இரண்டாவது தாள் ஊர்க்காரர்களுக்கு, மைக்கில் வாசிப்பதற்கு. கடல் சீற்ற எச்சரிக்கை ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் சேவை மையத்திலிருந்து வரும். 'நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை' என்று கடற்கரையின் நீளம், அலையின் உயரம், எந்த மணியிலிருந்து எந்த மணி வரை என்றெல்லாம் அதில் இருக்கும். அதை அப்படியே மைக்கில் வாசித்தால் ஆட்கள் நின்று கேட்பார்கள், பிறகு வீட்டுக்குள் போய்விடுவார்கள். அதே செய்தியை நான் எழுதிக் கொடுப்பது இப்படி:

"கடப்புறத்துல உள்ள எல்லாரும் கேளுங்க. இன்னைக்கு ராத்திரி பதினொன்றரை மணியில இருந்து நாளைக்கு ராத்திரி பதினொன்றரை வரைக்கும் கடல் ஏறும்னு அறிவிப்பு வந்திருக்கு. வள்ளத்த மேட்டுக்கு ஏத்திப் போடுங்க. எஞ்சினக் கழத்தி வீட்டுல வையுங்க. வலையக் கரையில விட்டுட்டுப் போகாதீங்க. முன்வரிசை வீட்டுல உள்ளவிய, பெரியவங்களையும் பிள்ளைகளையும் கூட்டிட்டு இருட்டுறதுக்குள்ள சமூகக் கூடத்துக்கு வந்திருங்க. திரும்பச் சொல்லுதேன், இன்னைக்கு ராத்திரி பதினொன்றரை மணி."

இதில் கடல் ஆபத்தானது என்று ஒரு சொல்லும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கடலை விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறவர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுப்பது அவமரியாதை. அவர்களுக்குத் தெரியாதது நேரம் மட்டும்தான், அதனால் அதை இரண்டு முறை சொன்னேன். வாசிப்பவருக்கு என்ன தெரியும் என்று கணக்குப் போட்டு அதை விட்டுவிடுவதும் மரியாதைதான்.

ஆழ்கடலுக்குப் போனவர்களுக்கு இந்தத் தாளும் உதவாது. 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயல் அடித்தபோது தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்து விசைப்படகுகள் பல அதற்குப் பல நாட்களுக்கு முன்பே தங்கு கடலுக்கு, அதாவது கடலிலேயே நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்க, போயிருந்தன. கரையில் ஒட்டுகிற, கரையில் கத்துகிற எந்த அறிவிப்பும் அவர்களை எட்டாது. வயர்லெஸ்சிலோ சாட்டிலைட் போனிலோ சொல்ல வேண்டிய வாசகத்தை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்ளச் சொல்வேன். படகின் பெயர், என்ன வருகிறது, எந்தப் பக்கத்திலிருந்து, எந்தத் துறைமுகம் பக்கம், எத்தனை மணிக்குள். இந்த வரிசை மாறக் கூடாது. எண்ணை ஒவ்வொரு இலக்கமாக இரண்டு முறை சொல்ல வேண்டும். இரைச்சலில் பாதி கேட்டாலும் படகின் பெயர் காதில் விழுந்தால் அவர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள்.

மூன்றாவது தாள் கடலைப் பார்க்க வருகிற வெளியூர்க்காரர்களுக்கு. மூன்றிலும் இதுதான் கஷ்டம். வானம் தெளிவாக இருக்கிறதே, காற்றும் இல்லையே, பிறகு என்ன பயம் என்றுதான் அவர்கள் நினைப்பார்கள். கள்ளக்கடல் என்று நாம் சொல்வது தூரத்துத் தென் சமுத்திரத்தில் எழும் புயலால் கிளம்பி இங்கே வந்து சேர்கிற அலை. இங்கே மழையோ காற்றோ இல்லாமலும் வரும். 2024 மே 6-ஆம் தேதி கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை கொண்டுபோனது. 'எச்சரிக்கை: ஆபத்தான பகுதி' என்று சிவப்பில் எழுதி வைத்தால், ஊர்க்காரர்கள் சும்மா பயங்காட்டுகிறார்கள் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். அவர்கள் மனதில் ஓடுகிற எண்ணத்துக்குப் பலகை முதலில் பதில் சொல்ல வேண்டும்:

"வானம் தெளிவாக இருந்தாலும் இங்கே அலை திடீரென்று எழும். காலை நனைக்கவும் இறங்காதீர்கள். பாறை மேல் நின்று படம் எடுக்காதீர்கள். ஈர மணலைத் தாண்டி மேலே நில்லுங்கள்."

'ஈர மணல்' என்று எழுதுவதற்குக் காரணம், அது எல்லார் கண்ணுக்கும் தெரிகிற எல்லை. '20 மீட்டர் தள்ளி' என்றால் விடுமுறைக்கு வந்தவர் எங்கே போய் அளப்பார்?

நான்காவது தாள் வளைகுடாவிலும் கேரளாவிலும் வேலை செய்கிற நம் பிள்ளைகளுக்கு, சுவர் சரிந்த இடத்தில் தற்காலிகமாக மண்மூட்டை அடுக்கப் பணம் கேட்டு. கடலைப் பற்றி இவர்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை. அவர்கள் அறிய விரும்புவது மொத்தம் எவ்வளவு, ஒரு வீட்டுக்கு எவ்வளவு, பணம் யார் யார் பெயரில் உள்ள கணக்குக்குப் போகும், செலவுக் கணக்கு என்றைக்கு வரும் என்பது. இதை நான்கு வரியில் எழுதிவிட்டு, ஒரு புகைப்படமும் வையுங்கள். 'நீங்கள் அங்கே சுகமாக இருக்கும்போது நாங்கள் இங்கே' என்கிற மாதிரி வரியை எழுதச் சொன்னால் நான் சம்மதிப்பதில்லை. ஊர் முங்குகிற நேரத்தில் ஊரில் இல்லையே என்று அவன் ஏற்கெனவே வேதனைப்பட்டுக்கொண்டிருப்பான்.

நான்கையும் சேர்த்து ஒரே தாளாக அடித்து எல்லாருக்கும் அனுப்பிவிடலாமே, காசு மிச்சம் என்பவர்கள் உண்டு. அப்படி அடித்தால் அதிகாரிக்கு அது ஊர்ப் புலம்பலாகவும், ஊருக்கு அது அரசாங்கக் கடிதமாகவும் படும்.

வாசிப்பவர் கையில் இருக்கிற அளவுகோல்

விவசாயக் கையேட்டை ஊர்க்காரர்களுக்கு ஏற்ப எழுதித் தரச் சொல்லி வருவார்கள். நெல்லுக்கு எக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் என்று அதில் இருக்கும். இங்கே பலரிடம் இருப்பது பத்து செண்ட், பதினைந்து செண்ட் வயல். எக்டேர் என்பது சுமார் 247 செண்ட். கணக்குப் போட்டால் செண்டுக்கு ஏறத்தாழ 50 கிலோ வரும். 'பத்து செண்ட் வயலுக்கு 500 கிலோ தொழுவுரம்' என்று எழுதினால் வாசித்தவர் நேரே மாட்டுத் தொழுவத்தைப் பார்ப்பார், போதுமா போதாதா என்று. தென்னைக்கும் அப்படித்தான். வீட்டைச் சுற்றி ஐந்தாறு மரம் வைத்திருப்பவரிடம் எக்டேர்க் கணக்கு சொல்லிப் பயனில்லை. 'காய்க்கிற மரம் ஒன்றுக்கு வருஷத்துக்கு யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, இதை இரண்டாகப் பிரித்து வையுங்கள்' என்று மரக்கணக்கில் சொல்லுங்கள்.

பருவத்தின் பெயரும் நம் ஊர்ப் பெயராக இருக்கட்டும். நாஞ்சில் நாட்டு வயலில் இரண்டு நெல் போகத்துக்கும் கன்னிப்பூ, கும்பப்பூ என்றுதான் பேச்சு. தஞ்சாவூர்ப் பக்கத்துத் துண்டுப் பிரசுரத்தைப் பார்த்து குறுவை, சம்பா என்று எழுதினால், இது நமக்கு உள்ளதல்ல என்று தோவாளைக்காரர் மடித்து வைத்துவிடுவார்.

மீன்பிடித் தடைக்கால அறிவிப்பில் இந்த மாவட்டத்துக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. சின்னமுட்டம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வரும். அங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. முட்டம், குளச்சல், தேங்காய்ப்பட்டணம் மேற்குக் கடற்கரை. அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. இரண்டுமே 61 நாள். அதனால் 'தடைக்காலம் தொடங்குகிறது' என்று தலைப்புப் போடாமல் துறைமுகத்தின் பெயரைத் தலைப்பாகப் போடுங்கள். ஐஸ் கம்பெனிக்காரரும் மீன் வியாபாரியும் அதைத்தான் தேடுவார்கள்.

பழைய ஆதாரங்களை, அதாவது நிலப் பத்திரங்களை, வைத்து எழுதும்போது இன்னும் கவனம் வேண்டும். 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் – கொச்சியில் இருந்தவர்கள். பழைய பத்திரங்கள் மலையாளத்திலும் கொல்லம் ஆண்டிலும் இருக்கும். பெரியவர்கள் பேசும்போதும் '1112-ல எழுதின ஆதாரம்' என்றுதான் சொல்வார்கள். வீட்டுப் பங்குக்காரர்களுக்கு எழுதுகிற கடிதத்தில் அதை அப்படியே விடுங்கள்; அவர்களுக்கு அந்த எண்தான் அடையாளம். தாலுகா ஆபீசுக்கு எழுதும்போது இரண்டையும் சேர்த்து எழுதுங்கள். ஆவணி முதல் தேதியில், அதாவது ஆகஸ்ட் நடுவில், கொல்லம் ஆண்டு பிறக்கும். அதிலிருந்து டிசம்பர் முடியும் வரை உள்ள தேதிக்கு 824 கூட்டுங்கள், ஜனவரி முதல் ஆகஸ்ட் நடு வரை உள்ள தேதிக்கு 825. கோவில் நுழைவுப் பிரகடனம் வந்த 1112 துலாம் 27, நம் ஐப்பசி, 1936 நவம்பர் 12 ஆவது இப்படித்தான். வெறும் ஆண்டை மட்டும் மாற்றி எழுதினால் ஒரு வருஷம் முன்பின்னாகிவிடும், பிறகு வில்லங்கச் சான்று பொருந்தாது.

வெளியூர் வாடிக்கையாளருக்கு எழுதும்போது கணக்கு நேர்மாறு. இங்கத்து வாழைப்பழமான மட்டிப் பழம் விற்கிறவர் நாகர்கோவில் கடைக்கு விலையும் எந்த நாளில் பழுக்கும் என்பதும் எழுதினால் போதும். சென்னைக்கு அனுப்புகிற பெட்டியில், காய் சிறிதாகத்தான் இருக்கும், தோல் மெல்லிசு, வாசனை தூக்கலாக இருக்கும், இங்கே கைக்குழந்தைக்குக் கொடுப்போம், 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது என்று எல்லாவற்றையும் எழுத வேண்டும். இல்லாவிட்டால் சின்னப் பழமாக அனுப்பி ஏமாற்றிவிட்டான் என்பார்கள்.

கெஞ்சல் வேறு, மரியாதை வேறு

'தங்கள் பொற்பாதம் பணிந்து', 'கண்ணீர் மல்கக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்' என்று மனுவில் எழுதச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ராஜா காலத்து வழக்கம் ஓடி வந்துகொண்டிருக்கிறது. அதை நான் எழுதித் தருவதில்லை. ஏன் என்பதையும் உட்காரவைத்துச் சொல்வேன். பட்டா மாறுதலும் முதியோர் உதவித்தொகையும் உங்களுக்கு உரியவை. 'மதிப்பிற்குரிய ஐயா' அல்லது 'அம்மா' என்று தொடங்கி, 'கேட்டுக்கொள்கிறேன்' என்று முடித்தால் மரியாதை நிறைவாக இருக்கிறது. மிரட்டலும் வேண்டாம். 'நடவடிக்கை எடுக்காவிட்டால் சாலை மறியல்' என்ற வரி, வாசிக்கிற எழுத்தரின் கையை மனுவிலிருந்து எடுக்க வைக்கும். முன்பு கொடுத்த மனுவின் தேதியும் எண்ணும் எழுதுங்கள். அதுவே போதிய அழுத்தம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது நடை இன்னும் வறண்டு போக வேண்டும். 2005-ல் வந்த அந்தச் சட்டத்தின் 6(1) பிரிவில் விண்ணப்பம், 10 ரூபாய்க் கட்டணம், 30 நாளில் பதில். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை என்று சட்டமே சொல்கிறது. அதனால் மனுவில் வைத்த இரண்டு வரிக் கஷ்டத்துக்கும் இங்கே இடமில்லை. 'எங்கள் தெரு ரோடு ஏன் போடவில்லை?' என்று கேட்டால், விளக்கம் தர வேண்டியதில்லை என்று ஒரு வரியில் தட்டிக் கழிக்க முடியும். தாளாக இருப்பதைக் கேளுங்கள்: 'இந்தச் சாலைப் பணிக்கான மதிப்பீட்டின் நகல், பணி ஆணையின் நகல், அளவுப் புத்தகத்தின் தொடர்புடைய பக்கங்களின் நகல்.' பதில் வராவிட்டால் 19(1) பிரிவில் முதல் மேல்முறையீடு. அதற்கும் 30 நாள்தான் கெடு. மனுவில் நல்ல பெயர் வாங்கிய நடை இங்கே தோற்றுப்போகும் என்பதைத்தான் காட்ட வந்தேன்.

சொந்த அண்ணனுக்குப் பங்கு கேட்டு எழுதுகிற கடிதத்தில் எல்லாம் தலைகீழ். வக்கீல் நோட்டீஸ் மாதிரி 'தாங்கள்' போட்டு எழுதினால் அண்ணன் அதை வக்கீலிடம் கொண்டுபோவான். 'அண்ணனுக்கு, அம்மைக்கு இப்போ பரவாயில்ல' என்று வீட்டு விசேஷத்தில் தொடங்குங்கள். பங்கு விஷயத்தை நடுவில் தெளிவாக, எத்தனை செண்ட், எந்த வசம் என்று சொல்லுங்கள். 'ஓணத்துக்கு வரும்போ எல்லாருமா இருந்து பேசுவோம்' என்று ஒரு நாளைக் குறித்து முடியுங்கள். தெளிவு வக்கீல் நோட்டீசில் உள்ள அளவுக்கே இருக்க வேண்டும். குரல் மட்டும் தங்கையுடையது.

அடக்க அறிவிப்பில் நான் எந்தச் சொல்லையும் என் விருப்பத்துக்குப் போடுவதில்லை. சி.எஸ்.ஐ. வீட்டில் கர்த்தருக்குள் நித்திரை அடைந்தார், அய்யாவழி வீட்டில் வைகுண்ட பதவி அடைந்தார், தக்கலைப் பக்கத்து முஸ்லிம் வீட்டில் வஃபாத்தானார். வீட்டில் மூத்தவரிடம் கேட்டு, அவர் சொன்னதை அப்படியே அடிக்க வேண்டும். உறவு முறை வரிசையையும் அவர் வாயிலிருந்தே வாங்குங்கள். நம்முடைய வேலை, எத்தனை மணிக்கு, எந்தக் கல்லறைத் தோட்டம், எந்தப் பள்ளிவாசல், எந்த வழி என்பதைப் பெரிய எழுத்தில் வைப்பது. பஸ்சிலிருந்து இறங்கி ஓடி வருகிற உறவுக்காரருக்கு அதுதான் வேண்டும்.

ஒருவரே பல நடையில் எழுதினால் நேர்மை குறைந்துவிடாதா என்று பி.ஏ. படிக்கிற பிள்ளைகள் சிலர் கேட்கிறார்கள். தேரூரில் 1876-ல் பிறந்த கவிமணியைச் சொல்வேன். குழந்தைகளுக்குப் பாடும்போது இரண்டு வயதுப் பிள்ளைக்கும் புரிகிற சொல். சொத்து சகோதரியின் பிள்ளைகளுக்குப் போகிற மருமக்கள் வழியால் அல்லல்பட்ட நாஞ்சில் நாட்டுக் குடும்பங்களைப் பாடும்போது அந்த வீட்டுப் பெண்களின் பேச்சு. கல்வெட்டு ஆராய்ச்சி எழுதும்போது ஆதாரத்தை அடுக்கிக்கொண்டு போகிற நடை. மூன்றிலும் மனிதர் ஒருவர்தான். ஒவ்வொரு முறையும் எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்.

வாசித்துக் காட்டுங்கள்

எழுதி முடித்த பிறகு அச்சுக்குக் கொடுக்கும் முன்பு, அந்த வாசகரைப் போன்ற ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். மைக் அறிவிப்பை மீன் விற்கிற அக்காவிடம், உர அளவை வயல்காரரிடம், வெளியூர்க்காரருக்கான பலகையைக் கன்னியாகுமரிக்கு வந்த சொந்தக்காரர் பிள்ளைகளிடம். 'புரிஞ்சுதா?' என்று கேட்காதீர்கள். நம் ஆட்கள் முகம் கோணக் கூடாதென்று 'புரிஞ்சு மக்கா' என்றுதான் சொல்வார்கள். "இத வாசிச்சுட்டு இப்போ நீங்க என்ன செய்வீங்க?" என்று கேளுங்கள். 'வள்ளத்த ஏத்துவேன்' என்றால் சரி. 'யாருகிட்டயாவது கேப்பேன்' என்றால், என்ன கேட்பார் என்று கேட்டு அதை முதல் வரியாக்குங்கள். வாசிக்கும்போது எந்த இடத்தில் அவர் கண் உங்களை விட்டு வாசல் பக்கம் போகிறதோ அந்த வரியைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அநேகமாக அது வெட்ட வேண்டிய வரி.

மனுவை மட்டும் வேறு மாதிரி சோதிக்க வேண்டும். விஷயமே தெரியாத ஒருவரிடம் பொருள் வரியை மட்டும் காட்டி, இதை எந்த ஆபீசுக்கு அனுப்புவீர்கள் என்று கேளுங்கள். சரியான ஆபீசைச் சொன்னால் மனுவை அச்செடுக்கலாம். இரண்டு நகல் எடுத்து, ஒன்றில் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கம்ப்யூட்டரில் சேமிக்கும்போது விஷயத்தின் பெயரோடு வாசகரின் பெயரையும் சேர்த்து வையுங்கள்: 'கடல் சுவர் – கலெக்டர்', 'கடல் சுவர் – மைக்', 'கடல் சுவர் – வெளியூர்', 'கடல் சுவர் – வளைகுடா' என்று. அடுத்த ஆனியில் அவசரமாகத் தேடும்போது எந்தத் தாள் யாருக்கு என்று திறந்து பார்க்க வேண்டியிருக்காது.